இல்லாத புளியமரத்துல திரும்பு

வா கண்ணு, உக்காரு. அந்தக் கயித்துக்கட்டல்ல வேண்டாம், நடுவுல தொங்கிப் போச்சு, உக்காந்தா எந்திரிக்கறதுக்கு ரெண்டு ஆளு வேணும். திண்ணைக்கு வா. கம்பெனியில உனக்குப் புது வேல குடுத்துட்டாங்களாமே? சாப்ட்வேர எப்படி ஓட்டறதுன்னு டாக்குமெண்டேஷன் எழுதோணுமாமே? புதுசா வர்றவங்க பழகறதுக்கு டுடோரியல் வேற போடோணுமாமே? மூஞ்சியப் பாத்தா எழவு ஊட்டுக்குப் போயிட்டு வந்தவனாட்ட இருக்குது. கோடு எழுதறவன் மாப்பிள்ளை, அதப் பத்தி எழுதறவன் பந்தியில எல எடுக்கறவன். அதானே உன்ற வெசனம்?

அட கிறுக்கா, விருந்து எப்படி இருந்துச்சுன்னு எல எடுக்கறவனுக்குத்தான் தெரியும். எத வழிச்சுத் தின்னாங்க, எத ஓரத்துல ஒதுக்கி வெச்சாங்கன்னு வேற யாரு கண்ணுல படும்? மாப்பிள்ளைக்கா தெரியும்?

நான் ஒண்ணும் படிச்சுக் கிழிச்சவன் இல்ல. எட்டாவதோட நின்னாச்சு. நாப்பது வருசம் மோட்டாருக்குக் காயில் கட்டிக் கை தேஞ்சவன். போன வருசம் என்ற மக வயித்துப் பேரன் பெங்களூருல இருந்து வந்தான். ஒரு பழைய லேப்டாப்புல லினக்ஸ ஏத்திக் குடுத்தான். "அப்புச்சி, தோட்டத்து மோட்டார் எத்தன மணி நேரம் ஓடுச்சுன்னு கணக்கு வெக்க நீங்களே ஒரு புரோகிராம் எழுதலாம், பைத்தான் ரொம்ப ஈஸி"ன்னான். கூடவே ஒரு கைடயும் தொறந்து வெச்சுட்டு ராத்திரி பஸ்ஸு ஏறிட்டான். எந்த கைடு, யாரு எழுதுனதுன்னு கேக்காத. எழுதுன புண்ணியவான் எங்கிருந்தாலும் நல்லா இருக்கட்டும்.

ரொம்ப ஈஸியாம். மொத வரியிலயே முட்டிக்கிட்டேன். ஒரு டாலர் குறி, பக்கத்துல பைத்தான்னு இங்கிலீசுல. நான் என்ன பண்ணுவேன்? அச்சுல எப்படி இருக்குதோ அப்படியே அடிச்சேன். டாலரையும் சேத்தித்தான். அப்படி ஒரு கட்டளையே கெடையாதுன்னு மிசினு சொல்லிப்போட்டுது. மறுக்கா அடிச்சேன். மறுக்காவும் அதே பாட்டு. அமெரிக்கக் காசு வெச்சாத்தான் ஓடுமாட்ட இருக்குதுன்னுகூட நெனச்சேன். ரெண்டு நாள் போச்சு. பேரங்கிட்டப் போன்ல கேட்டா விழுந்து விழுந்து சிரிக்கறான். "அத நீங்க அடிக்கக் கூடாதுங்கப்புச்சி, அது மிசினு உங்களப் பாத்துக் கேக்கறது"ங்கறான். நான் தயாரு, நீ சொல்லுன்னு மிசினு காட்டற குறியாம். மளிகக் கடையில "என்னங்க வேணும்?"னு கடைக்காரன் கேப்பான். நானே போய் நின்னு "என்னங்க வேணும், அரைக்கிலோ பருப்பு"ன்னு சொன்னா அவன் என்னைய என்னன்னு நெனப்பான்? ரெண்டு நாளா அதத்தான் பண்ணிட்டு இருந்திருக்கறேன்.

எழுதுனவன் 'இந்தக் குறிய அடிக்காதீங்க'ன்னு ஒத்த வரி போட்டிருந்தா என்ன, கை ஒடிஞ்சு போயிருமா? அவம்மேல குத்தம் சொல்லல. அவனுக்குத் தோணல, அவ்வளவுதான். மூக்குமேல இருக்கற கண்ணாடிய யாரு பாக்கறா?

நம்மூருக்கு வழி கேட்டுப் பாரு. "நேரா வாங்க, புளியமரத்துல சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க"ன்னு சொல்லுவாங்க. ரோட்ட அகலம் பண்றப்ப மரத்த வெட்டி எத்தனையோ வருசமாச்சு. நமக்கு அங்க இன்னும் மரம் நிக்குது. மரத்துல காக்காகூடக் கத்துது. ஒறம்பரைக்கு வந்தவன் மரத்தத் தேடிக்கிட்டே அடுத்த ஊருப் பொங்கலுக்குப் போயிருவான். வழி சொன்னவன் பொய்யா சொன்னான்? இல்ல. அவன் மனசுல இருக்கற ஊருக்கு வழி சொன்னான்.

பைத்தான்லயே ஒரு புளியமரம் இருக்குது தெரியுமல்லோ? மூணாம் பதிப்பு வந்தது 2008 டிசம்பர்ல. ரெண்டாவதுக்கு 2020 ஜனவரி 1ஆம் தேதியோட கருமாதி பண்ணியாச்சு. பழசுல பிரிண்ட்னு போட்டு எடம் விட்டு எழுதுனா வேல முடிஞ்சுது. புதுசுல அடைப்புக்குறி போட்டே ஆவோணும், இல்லீன்னா நவுராது. அந்த அடைப்புக்குறி இல்லாத பாடம் இன்னும் எத்தன எடத்துல நின்னுக்கிட்டு வர்றவனயெல்லாம் கெடுக்குது! செத்தவன் பேருக்குக் கலியாணப் பத்திரிக அனுப்பறாப்புல. இருமல் மருந்துச் சீசாவுல தேதி போடறானல்லோ? நீயும் பக்கத்து உச்சியில தேதியும் பதிப்பு நம்பரும் போடு. மரத்த வெட்டுன அன்னைக்கே வழிய மாத்து. அது உன்ற வேல இல்லயா? அப்ப யாரு வேல? மரத்துக்கா தெரியும்?

பேரன் ஒரு சங்கதி சொன்னான், எனக்கு அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. சி-ன்னு ஒரு மொழி. அதுக்கு 1978ல பிரையன் கெர்னிகனும் டென்னிஸ் ரிட்சியும் ஒரு பொஸ்தகம் போட்டாங்க. அந்த மொழிய உண்டு பண்ணுனவரே ரிட்சிதான். பெத்த தகப்பன். எத்தன வித்தை வேணும்னாலும் காட்டியிருக்கலாமல்லோ? மொத அத்தியாயத்துல மொதப் புரோகிராம் என்னான்னா, திரையில 'ஹலோ, வேர்ல்டு'ன்னு எழுதறது. ஆச்சு. ஊரே அதப் பாத்துக் காப்பி அடிச்சுது. எந்த மொழி படிச்சாலும் இன்னைக்கும் மொதல்ல ஹலோதான்.

ஆனா அவங்க எதுக்கு அத வெச்சாங்கன்னு ஊரு படிக்காமப் போயிருச்சு. புரோகிராம எங்கயோ ஒரு எடத்துல எழுதோணும். அதக் கம்பைல் பண்ணோணும். ஏத்தி ஓட்டோணும். வந்த பதில் எங்க போய் விழுந்துச்சுன்னு கண்டுபிடிக்கோணும். இதுதான் மொதப் பெரிய வேலி, இதத் தாண்டிட்டா மத்ததெல்லாம் லேசுங்கறது அவங்க கணக்கு. பாத்தியா? அந்த ஹலோவுல ஒரு சரக்கும் இல்ல. சரக்கெல்லாம் வேலியில இருக்குது. நம்மாளுங்க சரக்கு இல்லாத ஹலோவ எடுத்துக்கிட்டு வேலிய விட்டுட்டாங்க. "இன்ஸ்டால் செய்த பின்..."ன்னு ஆரம்பிக்கறான். இன்ஸ்டால் செய்யறதுக்குள்ளதானடா பாதிப் பேரு செத்தான்?

விண்டோஸ்ல பைத்தான ஏத்தறப்ப அடியில துளியூண்டு ஒரு கட்டம் வருமாம். பாத்-ல சேத்தட்டுமான்னு கேக்குமாம். யாரும் டிக் அடிச்சு வெச்சிருக்க மாட்டாங்க, நாமளாப் பாத்து அடிக்கோணும். விட்டுட்டா என்னாகும்? பைத்தான் ஊட்டுக்குள்ளதான் உக்காந்திருக்கும், ஆனா எந்த அறையில இருக்குதுன்னு மிசினுக்குத் தெரியாது. கூப்புட்டாக் கூப்புட்டபடி நிக்கோணும். விண்டோஸ் 10ல இன்னொரு கூத்து. பைத்தான் இல்லாத மிசினுல அந்தப் பேர அடிச்சா ஆப் விக்கற கடை தொறந்துக்கும். தண்ணி கேட்டவன சந்தைக்குக் கூட்டிட்டுப் போறாப்புல. பத்தாவது அத்தியாயத்துல கிளாஸு, ஆப்ஜெக்டுன்னு பக்கம் பக்கமா எழுதறியே, இந்தத் துளியூண்டு கட்டத்துக்கு ஒரு படம் போட்டியா?

சரி, நீ எழுதுனதக் காட்டு பாக்கலாம். கண்ணாடிய எடுத்துக்கறேன். ம்... "அதிவேகமான, நெகிழ்வான, அடுத்த தலைமுறைக்கான, வலிமைமிக்க..." இதென்ன கண்ணு, பொண்ணுப் பாக்க வந்த எடத்துல தரகன் பேசறாப்புல இருக்குது? மாப்பிள்ளை என்ன வேல பாக்கறான்? அது எங்க எழுதியிருக்குது? மூணாவது பக்கத்துலயா? பெரிய எழுத்துல இருக்கறதயெல்லாம் அடிச்சுப் போடு. 'இது இன்னதுக்கு உதவும், இன்னதுக்கு உதவாது'ன்னு ரெண்டு வரி எழுது. உதவாதத எழுதறதுக்குத்தான் நெஞ்சுரம் வேணும்.

அடுத்து பாரு, "சிம்பிளி இதை ரன் செய்யுங்கள்". அதென்ன சிம்பிளி? ஊசி போடறதுக்கு முன்னால டாக்டரு "எறும்பு கடிச்ச மாதிரிதான்"னு சொல்லுவாரே, அதாட்டவா? கெணத்துல எறங்கிப் புட்வால்வு மாத்தறது எனக்கு ஈஸி. நாப்பது வருசம் எறங்கியிருக்கறேன். நீ எறங்குவியா? ஈஸின்னு சொன்ன வேல ஒருத்தனுக்கு வரலீன்னு வெய்யி. கைடு தப்புன்னு நெனப்பானா, நான்தான் மக்குன்னு நெனப்பானா? மூடி வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிருவான், அப்பறம் வரவே மாட்டான். இதெல்லாம் கிழவன் பொலம்பல்னு நெனச்சுக்காத. ஈஸி, சிம்பிள், ஜஸ்ட்டுங்கற வார்த்தையெல்லாம் போடாதீங்கன்னு கூகுளே தங்கிட்ட எழுதறவங்களுக்கு நடைக் கையேட்டுல சொல்லி வெச்சிருக்குதாம். நம்ம கெணத்தடி நாயம் அங்க வரைக்கும் போயிருக்குது பாரு.

இதென்ன, ஃபூ? இதென்ன, பார்? மாட்டுக்குப் பேரு ஃபூ, கன்னுக்குப் பேரு பார், இதுல யாரு பால் கறக்கறது? எங்கிருந்து வந்த பேருன்னு கேட்டா, அதுக்கே ஒரு தஸ்தாவேஜு இருக்குதாம். இன்டர்நெட்டுக்கு ஒழுங்குமுறை எழுதி வெப்பாங்களே, ஆர்.எஃப்.சி.ன்னு, அதுல 3092ஆம் நம்பரு ஃபூவோட பூர்வீகத்தச் சொல்றதுதானாம். 2001 ஏப்ரல் 1ல வந்துது. தேதியப் பாத்தியா? அவங்களே சிரிச்சுக்கிட்டுத்தான் எழுதியிருக்காங்க. நீ சிரிக்காம எடுத்துப் போட்டிருக்கற. மோட்டார்னு வெய்யி, மணின்னு வெய்யி. படிக்கறவனுக்குப் பிடிக்க ஒரு கொம்பு கெடைக்கும்.

இன்னொரு கூட்டம் இருக்குது, உவமை சொல்ற கூட்டம். ஹாஸ்கெல்னு ஒரு மொழியில மோனாட்னு ஒரு சங்கதியாம். எனக்குப் புரியல, உனக்கும் புரியலீன்னு நெனைக்கறேன். ஒருத்தன் அதோட நாள்கணக்கா மல்லுக்கட்டறான். ஒரு நாள் திடீர்னு பளிச்சுன்னு விளங்குது. அன்னைக்கு அவன் மனசுல பரிட்டோ இருந்திருக்குது. பரிட்டோன்னா மெக்சிகோக்காரங்க ரொட்டிக்குள்ள கறியும் பயறும் வெச்சுச் சுருட்டித் திங்கறது. உடனே ஓடி வந்து "மோனாடுன்னா பரிட்டோதான்"னு ஊருக்கெல்லாம் பாடம் எழுதறான். படிச்சவனுக்குப் பசி வந்ததுதான் மிச்சம். ப்ரென்ட் யோர்கின்னு ஒருத்தரு 2009ல இந்தக் கோளாறுக்குப் பேரு வெச்சு நல்லாக் கிண்டல் பண்ணியிருக்காரு. விளங்குனது பரிட்டோவால இல்ல, அதுக்கு முன்னால மல்லுக்கட்டுன நாளால. நீச்சல் வந்தவன் "தண்ணி மெத்தையாட்டத்தான்"னு சொல்லுவான். அவன் குடிச்ச தண்ணிய மறந்துட்டான். நான் மட்டும் என்ன பண்றேன், புளியமரம், மளிகக் கடைன்னு அதே வேலதானேன்னு நீ உள்ளுக்குள்ள சிரிக்கறது தெரியுது. சிரிச்சுக்க. எனக்கு வயசாச்சு, உனக்கு என்ன வந்துது?

இப்பச் சொல்லப்போறத மட்டும் நல்லாக் கேட்டுக்க. மோட்டாருக்குத் தண்ணி ஊத்திப் பாத்திருக்கறியா? கெணத்து மேட்டுல இருக்கற பம்பு அப்படியே போட்டா எடுக்காது. புனல் வெச்சுக் குடத்தால ஊத்தி, கொழாய நெப்போணும். ஒரு குடம், ரெண்டு குடம், நாலு குடம். ஊத்த ஊத்த உள்ள போய்ட்டே இருக்குது, நெம்பல. எதனால? அடியில தண்ணியக் கீழ எறங்க விடாமத் தடுக்கற புட்வால்வு ஓட்ட. மேல ஊத்துனதெல்லாம் கீழ கெணத்துக்கே போயிருது. வெவரம் இல்லாதவன் என்ன பண்ணுவான்? இன்னும் பெரிய குடமாத் தேடுவான்.

இதே வேலயத்தான் நீங்கெல்லாம் பண்றீங்க. 1980கள்ல அமெரிக்காவுல ஐ.பி.எம். கம்பெனியோட ஆராய்ச்சிக்கூடத்துல ஜான் கேரல்னு ஒருத்தரு இருந்தாரு. ஆபீசுல டைப் அடிக்கறவங்க புதுசா வந்த வேர்டு பிராசசரப் பழகோணும். கம்பெனி கையேடு தலகாணி தண்டி. கேரலும் அவரு கூட்டாளிகளும் ஒரு புத்திசாலித்தனம் பண்ணுனாங்க. பாடம் நடத்தல. பக்கத்துல உக்காந்து பாத்தாங்க. அவ்வளவுதான். என்ன தெரிஞ்சுது? ஒருத்தரும் கையேட்ட வரிசையாப் படிக்கல! நாலு பக்கம் பொரட்டுனாங்க, தாண்டுனாங்க, கைய வெச்சுப் பாத்தாங்க, எங்கயோ மாட்டிக்கிட்டாங்க. மாட்டுன எடத்துல இருந்து வெளிய வர்ற வழி மட்டும் கையேட்டுல இல்ல. ஏன்னா எழுதுனவன் கணக்குல யாரும் மாட்ட மாட்டாங்க.

அவரு என்ன பண்ணுனாருன்னா, தலகாணியப் பிரிச்சுப் பஞ்ச வீசிட்டாரு. முன்னுரை, வரலாறு, 'இந்த நூலைப் பயன்படுத்துவது எப்படி', எல்லாம் போச்சு. ஆரம்பத்துலயே ஒரு கடுதாசி அடிக்க விட்டாரு. தப்பு நடந்தா எப்படித் திரும்பி வர்றதுன்னு அங்கங்கயே எழுதி வெச்சாரு. இன்னொரு பக்கம், புதுசா வந்தவங்க தெரியாம அமுக்கி மாட்டிக்கற மெனுவயெல்லாம் கொஞ்ச நாளைக்குப் பூட்டி வெச்ச மிசின்லயும் பழக விட்டுப் பாத்தாங்க. கொழந்தைக்கு நடவண்டி குடுக்கறாப்புல. மெலிசான கையேட்டுல பழகுனவங்கதான் வெரசாக் கத்துக்கிட்டாங்க. 1990ல இதயெல்லாம் ஒரு பொஸ்தகமாப் போட்டாரு. அதுக்கு அவரு வெச்ச பேரக் கேட்டா நீ அசந்து போவ. 'நியூரம்பர்க் புனல்'. ஜெர்மன்காரங்க ஊருல ஒரு பழைய கேலிப் பேச்சாம், மண்டையில புனல் வெச்சு அறிவ ஊத்தறதுன்னு. பேரன் சொன்னப்ப நான் திண்ணையில தட்டிச் சிரிச்சேன். அடே, அது நம்ம பம்பு சங்கதியல்லோ! அவரு புனலப் பாத்துட்டாரு, நான் புட்வால்வயும் பாத்திருக்கறேன்.

புட்வால்வுன்னா என்ன? படிச்சவன் தன் கையால ஒண்ணப் பண்ணி, அது ஓடுச்சுன்னு கண்ணால பாக்கறது. அது இருந்தா ஊத்துனது நிக்கும். பத்து வரிக்கு ஒருக்கா 'இப்ப உங்க திரையில இப்படி வந்திருக்கோணும்'னு எழுது. 'வரலீன்னா இதப் பாருங்க'ன்னு கூடவே எழுது. நீ அந்த ரெண்டாவது வரிய எழுத மாட்ட, எனக்குத் தெரியும். உன்ற மிசினுல எல்லாமே வந்துருது.

உள்ள போற வழி சொல்றவன் வெளிய வர்ற வழியும் சொல்லோணும். விம்-னு ஒரு எடிட்டர் இருக்குதல்லோ? அதுல இருந்து வெளிய வர்றது எப்படின்னு ஸ்டாக் ஓவர்ஃப்ளோவுல ஒருத்தன் கேட்ட கேள்விய 2017க்குள்ள பத்து லட்சம் தடவைக்கும் மேல எட்டிப் பாத்திருக்காங்களாம். பத்து லட்சம்! ஒரு கதவுக்கு முன்னால. இத்தனைக்கும் அதுக்குள்ளயே விம்டியூட்டர்னு ஒரு பாடம் வெச்சிருக்காங்க, அரைமணி நேரத்துல முடிஞ்சிரும், படிக்கற காகிதத்துலயே கை வெச்சுப் பழகலாம், ரொம்ப நல்ல பாடம். மாட்டிக்கிட்டவனுக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது. கோயில் கட்டிட்டு வழிகாட்டிப் பலகை வெக்க மறந்த கதை.

நீ எழுதுனதுல இன்னொரு கோளாறு. எல்லாத்தயும் ஒட்டுக்காப் போட்டுக் கொழப்பி வெச்சிருக்கற. என்ற பட்டறைய நெனச்சுப் பாரு. புதுசா ஒரு எடுபிடிப் பையன் வந்தான்னா எரிஞ்சு போன பழைய ஃபேன ஒண்ணு கையில குடுப்பேன். பிரி, எண்ணு, சுத்து. பக்கத்துல நான் இருப்பேன். மின்சாரம் எப்படிப் பொறந்துச்சுன்னு கதை சொல்ல மாட்டேன். அது ஒரு ரகம். ராத்திரி ரெண்டு மணிக்குக் கரண்டு வந்து, மோட்டார் உறுமுது, சுத்த மாட்டேங்குதுன்னு தோட்டத்துக்காரன் போன் போடுவான். அவனுக்குப் பாடமா நடத்துவேன்? "மூணு பேஸும் வருதா பாரு, பியூஸக் கழட்டிப் பாரு"ன்னு சொல்லுவேன். அது வேற ரகம். செவுத்துல ஒரு அட்டை தொங்கும், எத்தன குதிரைத் திறனுக்கு எத்தன சுத்து, என்ன கேஜ் கம்பின்னு. அதுல ஒரு வரி வம்பு இருக்காது, நம்பரு மட்டும். அப்பறம் மழ நாள்ல வேல இல்லாம டீ குடிக்கறப்ப, ஏன் இத்தன சுத்து, கொறச்சா என்னாவும்னு பேசுவோம். டானியேலே புரோசிடான்னு ஒருத்தரு சாப்ட்வேர் எழுத்தயும் இப்படித்தான் நாலாப் பிரிச்சு, டயாடாக்சிஸ்னு பேரும் வெச்சிருக்காரு. நாலையும் ஒரே பானையில போட்டா என்னாவும்? ரெண்டு மணிக்குக் கூப்புட்டவன் மழ நாள் பேச்சக் கேட்டுக்கிட்டு நிப்பான். பயிரு காயும்.

தப்ப ஒத்துக்கறதுக்கும் ஒரு பவிசு வேணும் கண்ணு. 1971 நவம்பர் 3ல யூனிக்ஸுக்கு மொதக் கையேடு வந்துது. கென் தாம்சனும் அதே ரிட்சியும் போட்டது. ஒவ்வொரு கட்டளைக்கும் அடியில பக்ஸ்னு ஒரு தலைப்பு. இது இன்ன எடத்துல சரியா ஓடாதுன்னு செஞ்சவங்களே எழுதி வெச்சாங்க. மாட்டுச் சந்தையில "இது ஒதைக்கும்"னு சொல்லி விக்கறவன நீ பாத்திருக்கறியா? நான் ஒருத்தனப் பாத்தேன், அவங்கிட்டத்தான் வாங்குனேன். டொனால்டு க்னூத்னு ஒரு பெரியவரு இன்னும் ஒரு படி மேல. தன் பொஸ்தகத்துல ஒரு தப்பக் கண்டுபிடிச்சுச் சொன்னவங்களுக்கு 2008 வரைக்கும் 2 டாலர் 56 சென்டுக்குக் காசோலை அனுப்பிக்கிட்டிருந்தாரு. 256 சென்டு. கம்ப்யூட்டர்காரங்களுக்கு அது ரவுண்டான கணக்காம். வாங்குனவங்கள்ல நெறையப் பேரு பேங்குக்கே கொண்டு போகாமச் சட்டம் போட்டு மாட்டி வெச்சுக்கிட்டாங்க. உன்ற பக்கத்துல தப்புன்னு எவனாச்சும் சொன்னா நீ என்ன அனுப்பற? "எங்களிடம் சரியாக வேலை செய்கிறது"ன்னு ஒத்த வரி.

தமிழ்ல எழுதலாமான்னு கேக்கறியா? தாராளமா எழுது. 2012ல இருந்து கணியம்னு ஒண்ணு வந்துக்கிட்டிருக்குது, லினக்ஸு, பைத்தான்னு எல்லாத்தயும் நம்ம பேச்சுல சும்மாவே குடுக்கறாங்க. எழில்னு தமிழ்லயே ஒரு புரோகிராம் மொழி இருக்குது, அதுல பிரிண்டுக்குப் பதிலா 'பதிப்பி'. பதிப்பின்னு அடிச்சு வணக்கம்னு திரையில வந்தப்ப எனக்குக் கண்ணுல தண்ணி வந்திருச்சு, ஊட்டுல சொல்லிராத. ஆனா பட்டிமன்றத் தமிழ்ல எழுதாத. "ஒருங்கிணைந்த மேம்பாட்டுச் சூழலில் இயக்கு பொத்தானை அழுத்துக"ன்னு எழுதறியே, அவன் திரையில 'ரன்'னுதானே இருக்குது? இயக்கு எங்கன்னு தேடி அவன் கண்ணு பூத்துப் போவும். பொத்தான்ல என்ன பேரு இருக்குதோ அதயே சொல்லு. வெளக்கத்த உன்ற ஆத்தாகிட்டப் பேசறாப்புல பேசு.

வீடியோப் போடறவங்களப் பத்திக் கேக்காத. பாதி நேரம் மணிய அமுக்குங்க, மணிய அமுக்குங்கன்னே போயிருது. பூசாரிகூட அத்தன தடவ மணி அடிக்க மாட்டான்.

சரி, பேசுனது போதும். பக்கத்து ஊட்டுப் புள்ள பன்னண்டாவது முடிச்சுட்டுச் சும்மாத்தான் இருக்குது, கூப்புட்டு விட்டிருக்கறேன். கம்ப்யூட்டர்னா போன்ல சினிமாப் பாக்கறது மட்டுந்தான் அதுக்குத் தெரியும். ரொம்ப நல்லதாப் போச்சு. வா அம்மிணி, உக்காரு. இந்த அண்ணன் ஒண்ணு எழுதியிருக்கறான். இதப் பாத்து இதுல இருக்கற மாதிரி பண்ணு. எங்களக் கேக்கக் கூடாது. நாங்க ரெண்டு பேரும் இங்க இல்லீன்னு வெச்சுக்க.

நீ இப்படி வா, அவளுக்குப் பின்னால உக்காரு. ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்க. அவ எங்க நிக்கறா, எத மறுக்காப் படிக்கறா, எதத் தாண்டறா, குறிச்சுக்கிட்டே வா. இந்தா, உங்க அமுச்சி சுட்ட முறுக்கு. ஒண்ணு வாயில போட்டுக்க.

ரெண்டாவது வரியில நின்னுட்டா பாரு. மூஞ்சியக் கோணறா. மேல போறா, கீழ வர்றா. என்ன, உனக்கு வாய் துறுதுறுங்குதா? அது அங்க இல்லம்மா, இங்கன்னு சொல்லோணுமா? நீ எழுதுனதப் படிக்கறவன் ஒவ்வொருத்தன் ஊட்டுக்கும் போய்ப் பின்னால உக்காந்துக்கப் போறியா?

டாலரையும் சேத்து அடிக்கறா. எழுது, எழுது. பேசாத. இந்தா, இன்னொரு முறுக்கு.